'சத்து' எங்கேயும் போகலை தம்பி!

விந்து போனால் உயிர் போகுமா? இளைஞர்களை வாட்டும் ஒரு பழைய பயம் பற்றி ஒரு சித்த மருத்துவர் மனம் திறந்து எழுதுகிறார்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரைப் படித்திருக்கிறீர்களா? 'இளமையில் செய்த தவறா? இழந்த வாலிபத்தை மீட்கலாம்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே ஒரு லாட்ஜ் பெயர், ரூம் நம்பர், மாதத்தில் எந்தெந்தத் தேதியில் 'வைத்தியர்' அங்கே தங்குவார் என்ற விவரம். இப்போது அதே வாசகம் பையன்களின் செல்போனிலேயே வந்து விழுகிறது. சுவரில் இருந்தாலாவது அப்பா அம்மா கண்ணில் படும். செல்போனில் வருவது யாருக்கும் தெரியாது.

அந்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் 'சித்த வைத்தியம்', 'பரம்பரை வைத்தியம்' என்ற பெயரில்தான் வருகின்றன. சித்த மருத்துவத்தைக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் முறையாகப் படித்து, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்த்து வருகிற எனக்கு இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். குடும்பங்கள்தானே இதனால் கஷ்டப்படுகின்றன? அதனால் இங்கேதான் எழுத வேண்டும்.

'கதவைச் சாத்தலாமா சார்?'

என்னிடம் வருகிற இளைஞர்கள் எடுத்தவுடன் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். 'உடம்பெல்லாம் அசதியா இருக்கு', 'இடுப்பு வலிக்குது', 'கால் குடையுது', 'படிச்சது மனசுல நிக்கலை', 'கன்னம் ஒட்டிப் போச்சு' என்று ஒரு பட்டியல் வரும். நாடி பார்ப்பேன். ரத்த அழுத்தம் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். எழுந்து போகிற நேரத்தில் தயங்கி நிற்பார்கள். 'கதவைச் சாத்தலாமா சார்?' என்பார்கள்.

பிறகுதான் உண்மையான விஷயம் வெளியே வரும். 'தூக்கத்துல போயிடுது சார்', 'மூத்திரத்துல வெள்ளையா கலந்து போகுது சார்', 'சின்ன வயசுலேர்ந்து கைப்பழக்கம் இருக்கு சார், நரம்பெல்லாம் தளர்ந்து போச்சு, இனிமே நான் கல்யாணத்துக்கு லாயக்கில்லை.' இப்படிச் சொல்லிவிட்டு அழுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதில், நல்ல உடம்போடு, வாழ்க்கையே முடிந்துபோன மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

இது ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு வருகிற விசித்திரம் இல்லை. இந்திய மனநல மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் என்.என். விக், 1960-ல் இந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்தார். 'தாத் சிண்ட்ரோம்'. 'தாத்' என்பது வேறு ஒன்றும் இல்லை, நம்முடைய 'தாது'தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாவது பதிப்பிலும் இது இடம் பிடித்தது. விந்து வெளியேறுவதால் உடம்பு உருக்குலைகிறது என்ற நம்பிக்கையும், அதனால் வருகிற அசதி, கவலை, தூக்கமின்மையும் சேர்ந்ததுதான் இந்த நிலை. பலருக்கு இதன் அடியில் மனச்சோர்வோ பதற்றமோ ஒளிந்திருக்கும்.

நூறு சொட்டுக் கணக்கு

'நூறு சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து' என்ற பேச்சைக் கேட்காத தமிழன் இருக்க முடியாது. இது எங்கிருந்து வந்தது?

சித்த மருத்துவத்தில் உடல் தாதுக்கள் ஏழு என்று படிக்கிறோம். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, ஏழாவதாக ஆணுக்குச் சுக்கிலம், பெண்ணுக்குச் சுரோணிதம். சாப்பிட்ட சாப்பாடு படிப்படியாக உடம்பை எப்படி வளர்க்கிறது என்பதை அந்தக் காலத்து வைத்தியர்கள் விளக்கிய முறை இது. இதில் ஏழாவதாக வருவதால் அது மற்ற ஆறையும் பிழிந்து எடுத்த சாறு என்று யாரோ அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கணக்கையும் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கணக்கையே கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு தடவை வெளியேறும் விந்தின் அளவு சாதாரணமாக 2 முதல் 5 மில்லி. அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் அடங்கிவிடும். மூன்று மில்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு மடங்கு ரத்தம் என்றால் 300 மில்லி. புது மாப்பிள்ளை ஒருவர் பதினைந்து நாள் மனைவியோடு சேர்ந்திருந்தால் நாலரை லிட்டர் ரத்தம் காலி. மனித உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்! மறுவீட்டு விருந்து முடிவதற்குள் மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். அப்படி யாரையாவது சேர்த்திருக்கிறோமா?

உண்மையில் விந்து என்பது ரத்தத்தைப் பிழிந்து வருவது இல்லை. அதில் பெரும் பகுதி, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, விந்துப்பைகளில் சுரக்கும் திரவம். மீதியில் பெரும்பாலானது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. விரையில் உற்பத்தியாகும் விந்தணுக்கள் நூற்றில் ஐந்து பங்குகூட இருக்காது. தண்ணீர், கொஞ்சம் பழச்சர்க்கரை, கொஞ்சம் புரதம், துளி துத்தநாகம், இவ்வளவுதான் சரக்கு. ஒரு வாய் சோறு சாப்பிட்டாலே அதற்கு மேல் சத்து கிடைத்துவிடும்.

'அடக்கிச் சேர்த்து வைத்தால் பலம் கூடும்' என்பதும் நடக்காத காரியம். விந்தணு உருவாகி முதிர்ந்து வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. வயசுக்கு வந்த நாள் முதல் முதுமை வரை, தினமும் கோடிக்கணக்கில் புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். வெளியேறாத பழைய அணுக்களை உடம்பே சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும். வங்கி லாக்கர் மாதிரி அதைப் பூட்டி வைக்க முடியாது. விந்தணு வெளியே போகாமல் இருப்பதுதான் பலம் என்றால், ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் பயில்வான்களாகி இருக்க வேண்டுமே!

சித்தர் நூல்கள் சொல்வது என்ன?

'நீங்க இங்கிலீஷ் டாக்டர் மாதிரி பேசறீங்களே, நம்ம சித்தர்கள் இப்படியா சொன்னாங்க?' என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி.

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இந்தப் பதினான்கும் உடம்பின் இயற்கையான உந்துதல்கள். பலவந்தமாக அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். பட்டியலை மறுபடி பாருங்கள். தும்மலுக்கும் கண்ணீருக்கும் பக்கத்தில்தான் சுக்கிலத்தையும் வைத்திருக்கிறார்கள். தும்மினால் ஆயுசு குறையும் என்று யாராவது பயப்படுகிறோமா?

நம் நூல்கள் அளவோடு இரு என்றும் சொல்கின்றன. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உழைப்புக்கும் அதையேதான் சொல்கின்றன. அளவு என்று சொன்னதை அழிவு என்று மாற்றிப் பயமுறுத்தியது லேகிய வியாபாரம்.

இந்த வியாபாரம் நம் ஊரில் மட்டும் பிறந்ததும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் 'ஓனானியா' என்ற புத்தகம் வந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. சுய இன்பத்தால் உடம்பு கெடும் என்று அது மிரட்டியது. கூடவே அதற்கு மருந்தாகப் பொடியும் டானிக்கும் விளம்பரப்படுத்தியது! 1760-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் டிஸ்ஸோ இதே பயத்தை மருத்துவ நூலாகவே எழுதி ஐரோப்பா முழுவதும் பரப்பினார். சீனாவிலும் இதே மாதிரி பயத்துக்குத் தனிப் பெயர் இருக்கிறது. மேல்நாட்டு மருத்துவம் 20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டது. நம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்தான் இன்னும் கைவிடவில்லை.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

*தூக்கத்தில் வெளியேறுவது நோயா?*

இல்லை. பருவம் வந்த பையன்களுக்கு இது சகஜம். சிலருக்கு வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, சிலருக்கு மாதத்தில் ஒரு தடவை, சிலருக்கு வராமலே இருக்கும். எல்லாமே இயல்புதான்.

*சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வருமா?*

வராது. ஆண்மைக் குறைவும் வராது, குழந்தைப் பாக்கியமும் போகாது. படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு நாள் முழுக்க அதே நினைப்பாக, விட நினைத்தும் விட முடியாமல் இருந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அங்கேயும் சிகிச்சை மனதுக்குத்தான், நரம்புக்கு இல்லை.

*சிறுநீரில் வெள்ளையாகப் போகிறதே?*

பெரும்பாலும் அது சிறுநீரில் வரும் பாஸ்பேட் உப்பு. மலச்சிக்கலில் முக்கும்போது புராஸ்டேட் திரவம் ஒன்றிரண்டு சொட்டு கசிவதும் உண்டு. ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தால் சந்தேகம் தீரும். ஆனால் எரிச்சல், சீழ், ரத்தம், புண், வலி இதில் எது இருந்தாலும் அது நோய்த்தொற்றாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

*ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒரு விரை கீழே தொங்குகிறது...*

லேசான சாய்வு சகஜம். பலருக்கும் இடது விரை கொஞ்சம் கீழே இருக்கும். விரைப்பையில் கட்டியோ, புழுக்கள் சுருண்ட மாதிரி நரம்புப் புடைப்போ தட்டுப்பட்டால் மட்டும் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயம் செய்கிற வேலை

விந்து போனதால் யாருக்கும் ஆண்மை போவதில்லை. ஆனால் போய்விட்டதோ என்ற பயம் நிஜமாகவே குடும்பத்தைக் கெடுக்கும். உறுப்பு விறைப்பதற்கு அங்கே ரத்தம் நிறைய வேண்டும். மனம் பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். பரீட்சை ஹாலில் கை சில்லிட்டுப் போகிறதே, அதே சங்கதிதான். முதல் நாள் பயத்தில் முடியாமல் போகும். 'அந்தப் போஸ்டர்ல போட்டிருந்தது சரிதான்' என்று பயம் இரட்டிப்பாகும். இரண்டாம் நாளும் முடியாது.

என்னிடம் வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். 'குழந்தை இல்லை' என்று மாமியார்தான் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். 'இவளுக்குக் கர்ப்பப்பை சூடுன்னு நினைக்கிறேன் டாக்டர், நல்ல மருந்தா குடுங்க' என்றார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் ஏறாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டபோதுதான், அவர்கள் இருவரும் ஒரு நாள்கூடச் சேரவில்லை என்று தெரிந்தது.

அடுத்த வாரம் கணவரை வரச் சொன்னேன். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே லாட்ஜ் வைத்தியரிடம் லேகியம் வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். மனைவிக்குத் தெரியாமல் கடன் வேறு. 'என் சத்தெல்லாம் போயிடுச்சு சார். தொட்டா தெரிஞ்சுடுமேன்னு தொடறதே இல்லை' என்றார்.

'காலையில் எழுந்திருக்கும்போது விறைப்பு இருக்கா தம்பி?' என்று கேட்டேன்.

'அது இருக்கு சார்.'

அப்படியானால் ரத்தக் குழாயும் நரம்பும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் ஒரே ராத்திரியில் மூன்று முதல் ஐந்து தடவை விறைப்பு வரும். தூங்கும்போது பயம் இல்லை. அதனால் தடையும் இல்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். லேகியத்தை நிறுத்தச் சொன்னேன். 'ரெண்டு வாரம் உறவுக்கு முயற்சியே பண்ணாதீங்க. பக்கத்துல உட்காருங்க, பேசுங்க, கையைப் பிடிச்சுக்குங்க, அது போதும்' என்று இருவரிடமும் சொல்லி அனுப்பினேன். கூடவே மனநல மருத்துவர் ஒருவரிடமும் போகச் சொன்னேன். சில மாதங்களில் அவர்கள் வாழ்க்கை நேராகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. 'என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சு ஒன்றரை வருஷம் ராத்திரியெல்லாம் அழுதேன் டாக்டர். பயந்துக்கிட்டுதான் இருந்தார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே.'

லேகியத்துக்குள்ளே என்ன இருக்கிறது?

'சாப்பிட்ட அன்னிக்கே வேலை செய்யுது சார்' என்று சிலர் சர்டிபிகேட் கொடுப்பார்கள். அங்கேதான் ஆபத்து. எந்த மூலிகையும் ஒரு மணி நேரத்தில் அப்படி வேலை செய்யாது. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் மாத்திரையை, அதாவது வயாகராவைப் பொடி செய்து 'மூலிகை' மருந்தில் கலந்து விற்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

முறையாகச் செய்யாத பஸ்பம், செந்தூரங்களில் ஈயமும் பாதரசமும் இருந்தால் சிறுநீரகம் கெடும். எங்கள் மருத்துவத்தில் அமுக்கரா, பூனைக்காலி, நீர்முள்ளி விதை எல்லாம் உண்டு, நானும் கொடுக்கிறேன். ஆனால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு நாள் என்று ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தைராய்டு, ஈரல் கோளாறு உள்ளவர்கள் அமுக்கராவைத் தாங்களாகவே சாப்பிடக் கூடாது.

இன்னொரு விஷயம். ஆண்மை விருத்தி என்று மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்யும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் என்று பெயர். ஆகவே சுவரிலோ செல்போனிலோ அப்படி விளம்பரம் கண்ணில் பட்டால், அந்த ஆள் சட்டத்தை மீறித்தான் உங்களைக் கூப்பிடுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நாற்பதுக்கு மேல் கவனம்

இளைஞர்களிடம் 'கவலைப்படாதே' என்று சொல்கிற நானே, நாற்பது தாண்டியவர்களிடம் 'அலட்சியம் வேண்டாம்' என்பேன். கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பு குறைந்து, அதிகாலை விறைப்பும் நின்றுவிட்டால் அது மனசுப் பிரச்னையாக மட்டும் இருக்காது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட், குடி ஆகியவை ரத்தக் குழாயை அடைக்கும். ஆண் உறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய், இதயத்தின் ரத்தக் குழாயைவிட மெல்லியது. அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். மாரடைப்புக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே உடம்பு அடிக்கிற மணி என்று இதைச் சொல்லலாம். வெட்கப்பட்டு லேகியம் வாங்கித் தின்பவர், அந்த மணியைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் நாலையும் உடனே பரிசோதித்துவிடுங்கள்.

பெண்களுக்கும் இதே பயம்

'வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிவிடும்' என்று பயந்து நடுங்கும் பெண்கள் ஏராளம். எலும்பு உருகாது. மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களில், கருமுட்டை வெளியாகும் சமயத்தில், முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாகக் கசிவது ஆரோக்கியத்தின் அடையாளம். அரிப்பு, துர்நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், தயிர்த் திப்பி மாதிரி படிவது, அடிவயிற்று வலி இவை இருந்தால் நோய்த்தொற்று, சிகிச்சை உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கலந்து கசிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

முதல் இரவில் ரத்தம் வராவிட்டால் பெண்ணைச் சந்தேகப்படுகிற கொடுமையும் இன்னும் இருக்கிறது. பல பெண்களுக்கு முதல் உறவில் ரத்தம் வருவதே இல்லை. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

பெற்றோர்கள் செய்ய வேண்டியது

பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் அம்மாவோ அத்தையோ நாலு விஷயம் சொல்கிறார்கள். பையன் வயசுக்கு வந்தால் யார் சொல்கிறார்கள்? ஒருவரும் இல்லை. அந்த இடத்தில்தான் லாட்ஜ் வைத்தியர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அப்பா ஒரு நாள் சாவகாசமாகச் சொல்லலாம்: 'டேய், தூக்கத்துல டிரஸ் ஈரமாகும். எனக்கும் உன் வயசுல ஆச்சு. எல்லாருக்கும் ஆகும். பயப்படாதே.' இவ்வளவு போதும். துணியை மறைத்து மறைத்துத் துவைக்கும் பையனைக் கேலி செய்யாதீர்கள். கல்யாணமான மகனிடம் பிரச்னை இருக்கும்போல் தெரிந்தால், மருமகளை மட்டும் டாக்டரிடம் இழுத்துப் போகாதீர்கள். இருவருமாகப் போகட்டும்.

சாப்பாட்டில் தனி ரகசியம் ஒன்றும் இல்லை. கீரை, பருப்பு, முட்டை, கடலை, பழம், முருங்கைப்பூப் பொரியல், இவையெல்லாம் உடம்பு முழுவதற்கும் நல்லது. ஏழு மணி நேரத் தூக்கம், தினமும் அரை மணி நடை. சிகரெட்டை விட்டுவிட்டால் எந்த லேகியமும் செய்யாத உதவியை ரத்தக் குழாய்க்குச் செய்தவர் ஆவீர்கள்.

பயம் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கம் இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

வீட்டில் வயசுப் பையன் இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து அவன் மேஜைமேல் வைத்துவிடுங்கள். 'படிச்சியா?' என்றுகூடக் கேட்க வேண்டாம். படித்துக்கொள்வான்.